நாலாம் கட்டிலின் ரத்தம்

5

"நிபுணருக்கு எத்தனை சுழி?" என்றார் மாஜி.

"மூணு சுழி" என்றாள் ரெப்பு. "பள்ளிக்கூடத்துல எனக்குத் தெரிஞ்ச ஒரே விஷயம் அதுதான் சார். அதையும் சந்தேகப்படாதீங்க."

"இதுல ரெண்டு சுழிதான் இருக்கு."

அவர் கையில் ஒரு தபால் உறை. முகவரியில் 'பல் செட் நிபுனர்' என்று நீல மையில் எழுதியிருந்தது. உள்ளே இருந்த காகிதத்தில் மூன்றே வரி. 'உங்க அப்பாவுக்கு கிட்னி கெடப்போகுதுன்னு அன்னிக்கு மதியமே வார்டுக்குத் தெரியும். அவர் ரத்தமே சொல்லிச்சு. கேளுங்க.' கீழே கையெழுத்து இல்லை.

மாஜி என்பது அவர் பெயரல்ல. இருபத்தாறு வருஷம் போலீஸில் உழைத்துவிட்டு வெளியே வந்து 'மாஜி இன்ஸ்பெக்டர், துப்பறியும் சேவை' என்று போர்டு மாட்டினார். முதல் வார்த்தை மட்டும் ஜனங்கள் வாயில் ஒட்டிக்கொண்டது. அவருடைய உதவியாளர் ரெப்பு, இங்கே சேருவதற்கு முன் பன்னிரண்டு வருஷம் மருந்துக் கம்பெனி ரெப்பாக ஆஸ்பத்திரிப் படிகளைத் தேய்த்தவள். ஒரு மேனேஜரின் மீசையைப் பற்றிச் சொன்ன ஜோக்கில் வேலை போயிற்று. ஜோக் மட்டும் போகவில்லை.

உறையைக் கொடுத்தவள் எதிரே ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். முப்பது வயது, லிஃப்ட் மெக்கானிக். நகக்கண்களில் கிரீஸ் கறுத்திருந்தது. அவர்கள் வந்திருந்தது அவளுடைய அப்பாவின் பல் செட் கடைக்கு. சுவர் நெடுக பிளாஸ்டர் மாவில் வார்த்த தாடைகள் வரிசையாக இருந்தன, ஒவ்வொன்றின் கீழும் ஒரு துண்டுச் சீட்டு. மேஜையில் பாதி முடிந்த பல் செட் ஒன்று ரோஸ் நிற மெழுகோடு அப்படியே கிடந்தது. அதை முடிக்க இனி ஆள் இல்லை.

அப்பாவுக்கு ஐம்பத்தெட்டு வயது, சர்க்கரை உண்டு. நெஞ்சு வலி என்று போனார். இதயத்தில் இரண்டு குழாய் அடைப்பு. திங்கள் சாயங்காலம் தொடை வழியாகக் கம்பி விட்டு, சாயம் செலுத்திப் படம் பார்த்து, ஒன்றைத் திறந்தார்கள். செவ்வாய் மதியம் மறுபடி சாயம், இரண்டாவதும் திறந்தது. "ஹார்ட் பிரமாதம்" என்றார்கள். புதன்கிழமை சிறுநீர் சொட்டுச் சொட்டாகக் குறைந்தது. வியாழன் முகம் வீங்கியது. நான்கு முறை டயாலிசிஸ். ஒன்பதாம் நாள் இதயம் பிரமாதமாக இருக்கும்போதே போய்ச் சேர்ந்தார்.

"சில பேருக்கு இப்படி ஆகும், முன்கூட்டிச் சொல்ல முடியாதுன்னாங்க சார்" என்றாள் மகள். "நானும் மனசைத் தேத்திக்கிட்டேன். அஞ்சு வாரம் கழிச்சு இது வருது. தெரிஞ்சும் விட்டாங்கன்னா, விட்டது யாருன்னு எனக்குத் தெரியணும்."

மாஜி மேஜை மூலையிலிருந்த விசிட்டிங் கார்டுக் கட்டிலிருந்து ஒன்றை உருவினார். 'பல் செட் நிபுனர்.' அதே ரெண்டு சுழி.

"அச்சாபீஸ்காரன் பண்ணின தப்பு" என்றாள் அவள். "ஆயிரம் கார்டு. தூக்கிப் போட அப்பாவுக்கு மனசு வரலை."

"அப்ப லெட்டர் எழுதினவங்க கார்டைப் பார்த்து எழுதியிருக்காங்க. ஆஸ்பத்திரியில யாருக்குக் கொடுத்தார்?"

"அப்பா எல்லாருக்கும் கொடுக்க மாட்டார் சார்." சொல்லும்போதே அவள் குரல் இளகியது. "பல்லு கோணலா இருக்கறவங்களைப் பார்த்தாத்தான் அவர் கை சட்டைப் பைக்குப் போகும்."

மாஜி ரெப்புவைப் பார்த்தார். ரெப்பு எழுந்து புடவையை உதறிக்கொண்டாள்.

"ரத்தம் சம்பந்தப்பட்ட ஆள், கோணல் பல்லு. சிரிக்க வச்சாப் போதும். சார், வாழ்க்கையில முதல் தடவையா என் ஜோக்குக்கு ஒரு பிரயோஜனம்."

*

ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனைக்கூடத்தின் கவுண்டருக்குப் பின்னால் ஆறு பேர் வேலை செய்தார்கள். ரெப்பு கண்ணாடி ஜன்னலில் முழங்கையை ஊன்றினாள்.

"அம்மா, எனக்கு ரத்தம் டெஸ்ட் பண்ணணும். வீட்டுக்காரர் அஞ்சு வருஷமா உறிஞ்சிட்டிருக்கார், மிச்சம் ஏதாவது இருக்கான்னு பார்த்துச் சொல்லுங்க."

ஐந்து பேர் பல் தெரியச் சிரித்தார்கள். எல்லாம் வரிசைப் பல். ஆறாவது பெண், மூலையில் குழாய்களுக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தவள், சிரிப்பு வந்ததும் சட்டென்று கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மாஜி ஜன்னலருகே போய், அந்தக் கார்டை அவளுக்கு மட்டும் தெரியும்படி கண்ணாடியில் வைத்தார். பொத்திய கை இறங்கவில்லை. கண்கள் மட்டும் நிறைந்தன.

பின்படிக்கட்டில் நின்று பேசினாள். நாற்பது வயதிருக்கும்.

"நான்தான் சார் எழுதினேன். வேலை போயிடும்னு பேர் போடலை. அவர் முகம் கண்ணை விட்டுப் போக மாட்டேங்குது. ஊசியோட போனேன், இடது கையைக் கொடுக்கவே மாட்டேன்னுட்டார். அது சோறு போடற கை, வலது கையில எத்தனை வேணாலும் குத்திக்கோம்மான்னார். குத்தி முடிச்சா கார்டைக் கொடுத்து, பல்லை மூடிக்கிட்டு சிரிக்காதே, வா, சரி பண்ணித் தரேன்கறார்."

"என்ன ரத்தம் அது?"

"ஆராய்ச்சிக்கு எடுக்கறது சார். சாயம் உள்ளே போனா சில பேருக்கு கிட்னி அடி வாங்கும். வழக்கமா பார்க்கற கிரியாட்டினின் ஏற ஒரு நாள், ரெண்டு நாள் ஆகும். அது ஏறினப்புறம் தெரிஞ்சு என்ன புண்ணியம்? கிட்னி அடிபட்டதும் சில மணி நேரத்துலயே ஒரு புரதத்தை ரத்தத்துல விடும். அதை அளந்தா முன்னாடியே சொல்லிடலாமான்னு பார்க்கறாங்க. செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கு எடுத்தேன். பதினொன்றரைக்கு ரிசல்ட் வந்துச்சு. நான் பார்த்ததுலயே பெரிய நம்பர். நம்பர் எகிறினா வார்டுக்குச் சொல்லணும்னு விதி. உடனே போன் பண்ணினேன். நாலாம் கட்டில், கிட்னி ஜாக்கிரதைன்னு ரெண்டு தடவை சொன்னேன். குறிச்சுக்கிட்டோம்னாங்க. மறுநாள்லேர்ந்து நான் லீவு. திரும்பி வந்தா, பல்செட்டுக்காரர் கிட்னி போய் இறந்துட்டார்ங்கறாங்க."

"அவர் பேரைச் சொல்லலையா?"

"ஆராய்ச்சியில பேர் இருக்கக் கூடாது சார். எங்க பேப்பர்ல ஒரு ஆராய்ச்சி நம்பர், கட்டில் நம்பர், அவ்வளவுதான்."

"அந்த எச்சரிக்கையைக் கேட்டிருந்தா பிழைச்சிருப்பாரா?"

அவள் கைப்பிடிக் கம்பியைப் பார்த்தபடியே சொன்னாள். "பிழைச்சிருப்பார்னு சத்தியம் பண்ண மாட்டேன். அன்னிக்கு மதியம் ரெண்டாவது சாயத்தைத் தள்ளிப் போட்டிருப்பாங்க. வலி ஊசியை நிறுத்தியிருப்பாங்க. கிட்னி மூச்சு விட நேரம் கிடைச்சிருக்கும்."

வெளியே வந்ததும் மாஜி மகள் கொடுத்திருந்த ஆஸ்பத்திரி ஃபைலைப் புரட்டினார். செவ்வாய்க்கிழமைத் தாளில் நிறுத்தினார். காலை பத்து மணிக் குறிப்பு, பதினொன்று, பன்னிரண்டு. எல்லாவற்றிலும் கட்டில் எண் ஆறு; அதற்கு முந்தைய குறிப்புகளில் கட்டில் எண்ணே இல்லை. மதியம் ஒரு மணிக்கு முதுகு வலிக்கு ஊசி. மூன்று மணிக்கு இரண்டாவது சாயம். எச்சரிக்கை என்று ஒரு எழுத்துக்கூட இல்லை.

"நாலாம் கட்டில்ங்கறாங்க. ஃபைல்ல ஆறு" என்றாள் ரெப்பு. "சார், தப்பை மறைக்க ஃபைலையே மாத்தி எழுதிட்டாங்க! போலி ஃபைல். பல்லு போனாத்தான் போலிப் பல்லுன்னு நினைச்சேன், உயிர் போனா போலி ஃபைல் வருது."

மாஜிக்கும் அப்படித்தான் பட்டது. அந்தக் கோபம் அவருக்குப் பழகின கோபம். "அவர் நாலுல படுத்திருந்தார்னு சொல்ல ஒரு சாட்சி வேணும்" என்றார்.

சாட்சி யார் என்று மகள் காலையிலேயே சொல்லியிருந்தாள். அதே வார்டில் பக்கத்தில் படுத்திருந்த ஒரு பஸ் கண்டக்டர். சாவுக்கு வந்து, கடைசிவரை நின்று, இன்னமும் வாரம் ஒரு தடவை போன் பண்ணி "சாப்பிட்டியாம்மா" என்று விசாரிக்கிறவர். அவள் அவரை மாமா என்றுதான் கூப்பிடுகிறாள்.

*

கண்டக்டரின் வீடு மூன்றாவது மாடியில் இருந்தது. மனுஷர் படியேறக் கூடாது என்று டாக்டர் சொன்னதால் இறங்குவதையே நிறுத்திவிட்டார். பால்கனியில் உட்கார்ந்து கீழே போகும் பஸ்களை எண்ணிக்கொண்டிருந்தார். உரத்த குரல், பெரிய உடம்பு.

"நாலாம் கட்டிலா?" என்றார். "அதுல நான்தானே படுத்திருந்தேன்!"

ரெப்பு பேனாவை மூடினாள். "சாட்சி கட்சி மாறிடுச்சு சார்" என்று முணுமுணுத்தாள்.

மாஜி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "செவ்வாய்க்கிழமை என்ன நடந்ததுன்னு முழுசா சொல்லுங்க."

"அதை ஏன் கேக்கறீங்க, அன்னிக்குத்தான் எனக்குக் கண்டம். மத்தியானம் எனக்கும் ரெண்டாவது கம்பி வைக்கறதா இருந்துச்சு. பன்னிரண்டு மணிக்கு ஒரு நர்ஸ் ஓடி வந்து, உங்களுக்கு கிட்னி டேஞ்சர், இன்னிக்கு சாயம் கிடையாதுன்னுச்சு. சாயங்காலம் வரைக்கும் சலைன் மேல சலைன். முதுகு உயிர் போற வலி. ஊசி போடும்மான்னா, கிட்னிக்கு ஆகாதுங்கறாங்க. பல்லைக் கடிச்சுக்கிட்டுக் கிடந்தேன். ரெண்டு வாரம் கழிச்சுத்தான் கம்பி வச்சாங்க."

"அப்புறம் கிட்னி கெட்டுதா?"

"அதான் அதிசயம்! குண்டுக்கல்லு மாதிரி இருக்கு. தினமும் டெஸ்ட் பண்ணினாங்க, நம்பர் ஒரு புள்ளி அசையலை. நல்லவேளை, முன்னாடியே பார்த்ததால தப்பிச்சீங்கன்னார் டாக்டர்."

மாஜி முன்னால் குனிந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். "அன்னிக்குக் காலையில ஆறு மணிக்கு, கையால வாயை மூடிக்கிட்டு சிரிக்கற ஒரு அம்மா உங்ககிட்ட ரத்தம் எடுத்தாங்களா?"

"ஆராய்ச்சிக்குன்னு வந்துச்சே, அதுவா? என்கிட்ட வந்து கையெழுத்துக் கேட்டாங்க. நான் என்ன சோதனை எலியா, போட மாட்டேன்னு துரத்திட்டேன். பல்செட்டு அண்ணன்தான் பாவம், நாலு பேருக்கு உபயோகப்படட்டும்னு போட்டுக் கொடுத்தார்."

பால்கனிக்குக் கீழே ஒரு பஸ் போயிற்று. கண்டக்டர் அதை எண்ணவில்லை. மாஜியின் முகம் மாறியதை அவர் பார்த்துவிட்டார்.

"நீங்க ரத்தமே கொடுக்கலை" என்றார் மாஜி. "கொடுக்காத ரத்தத்துக்கு உங்களுக்கு எப்படி எச்சரிக்கை வரும்? ஐயா, ஆறு மணிக்கு நீங்க எந்தக் கட்டில்ல இருந்தீங்க?"

பெரிய உடம்பு நாற்காலிக்குள் சுருங்கினாற்போல் இருந்தது.

"ஆறுல" என்றார் கண்டக்டர். குரல் இறங்கிவிட்டது. "நாலுக்கு அடுத்தது ஆறு, ஒத்தைப்படை எல்லாம் எதிர் வரிசை. நாலுக்கு நேர் மேலே ஏசி. ராத்திரி பூரா அண்ணன் வெடவெடன்னு நடுங்கினார். எனக்கோ ஒரே வேர்வை. ஒன்பது மணிக்கு அண்ணன் பொண்ணு வந்து பார்த்துட்டு, நர்ஸ்கிட்ட கையைப் பிடிச்சுக் கெஞ்சுச்சு. ரூல்ஸ் இல்லைம்மான்னு சொல்லிட்டிருந்த நர்ஸ் மனசு இரங்கி, ஃபைலை மாத்தி வச்சு, கட்டிலை உருட்டி இடம் மாத்தி விட்டாங்க. நம்பர் சுவத்துல இருக்கறது, அது அப்படியேதான் இருந்துச்சு. நான் உனக்கு மாமா மாதிரி, தாராளமா மாத்திக்கம்மான்னேன். அந்த நர்ஸுக்கு உடனே டூட்டி முடிஞ்சு போயிட்டாங்க. அப்புறம் வந்தது வேற ஆள்."

ரெப்பு மூடிய பேனாவைத் திறந்து நாலையும் ஆறையும் எழுதி, நடுவே இரண்டு அம்பு போட்டாள்.

"அப்ப அந்த எச்சரிக்கை..." கண்டக்டர் தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தார். "எனக்கு வந்ததில்லையா? அது அண்ணனுக்கு வந்ததா? பக்கத்துல படுத்திருந்தேனே சார். அவருக்கு ஊசி போட்டதைப் பார்த்து, எனக்கு மட்டும் ஏன் போடலைன்னு சண்டை போட்டேனே!"

அவர் அழுதார். உரத்த குரல்காரர்கள் அழும்போது சத்தமே வருவதில்லை என்று மாஜி அன்றுதான் பார்த்தார். ரெப்பு உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள்.

*

பஸ் நிறுத்தத்தில் ரெப்பு கேட்டாள். "அந்தப் பொண்ணுகிட்ட சொல்லப்போறீங்களா?"

"சொல்லணும்."

"எதுக்கு சார்? ஆஸ்பத்திரி தப்புன்னு சொல்லி முடிச்சுக்கலாமே. அதுவும் உண்மைதானே? பேரைக் கேட்காம கட்டில் நம்பரை வச்சு உயிரைத் தீர்மானிச்சது அவங்கதானே?"

"புகார் கொடுத்தா விசாரணை வரும். கட்டிலை மாத்தச் சொன்னது யாருன்னு முதல் கேள்வியே அதுதான். அதை யாரோ ஒரு வக்கீல், நாலு பேருக்கு நடுவுல, விரலை நீட்டிக் கேப்பான். அந்த இடத்துல அவ முதல் தடவையா இதைத் தெரிஞ்சுக்கணுமா?"

சர்வீஸில் எத்தனையோ வாசலில் நின்று எத்தனையோ பேருக்குக் கெட்ட சேதி சொன்னவர் மாஜி. யார் கொன்றார்கள் என்று சொல்வது சுலபம். கேட்கிறவருக்கு வெறுக்க ஒரு முகமாவது கிடைக்கும். இந்தச் சேதியில் அதுவும் இல்லை.

பரிசோதனைக்கூடப் பெண்ணுக்கு போன் போட்டு நடந்ததைச் சொன்னார். "நாலுன்னு ரெண்டு தடவை சொன்னேனே சார்" என்றாள். பிறகு, "இந்தத் தடவை பேர் போட்டு எழுதித் தரேன். வேலை போனாப் போகட்டும்."

மகள் பதினொரு மாடிக் கட்டடம் ஒன்றின் உச்சியில், லிஃப்ட் மோட்டார் அறையில் வேலையாக இருந்தாள். மோட்டாரை நிறுத்திவிட்டு, பழந்துணியில் கையைத் துடைத்தபடி வந்தாள். எண்ணெய் வாசனை அடித்தது. சின்ன ஜன்னல் வழியாக மாலை வெயில் இரும்புச் சக்கரத்தின் மேல் விழுந்தது.

மாஜி சுற்றி வளைக்கவில்லை. கார்டிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகச் சொன்னார். காலை ஆறு மணி ரத்தம், பதினொன்றரை மணி போன், நாலாம் கட்டில். கண்டக்டர் கையெழுத்துப் போடாத கதை. "ஆறு மணிக்கும் பதினொன்றரைக்கும் நடுவுல..." என்று அவர் ஆரம்பித்தபோது, துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது.

"ஒன்பது மணி" என்றாள் அவள்.

அவர் தலையசைத்தார்.

"நான்தான் கேட்டேன். அவர் உதடு நீலமா இருந்துச்சு சார். நர்ஸ் ஒருத்தராலே உருட்ட முடியலைன்னு நானும் ஒரு பக்கம் பிடிச்சுத் தள்ளினேன்." தன் உள்ளங்கையைப் பார்த்தாள். "யார் விட்டாங்கன்னு கேட்டு வந்தேன். நான்தானா?"

"இல்லை."

"சார், ஆறுதல் வேண்டாம்."

"ஆறுதல் சொல்ல எனக்கு வராதும்மா. ஒண்ணு கேக்கறேன், உன் தொழில்லயே பதில் சொல்லு. லிஃப்டுக்குள்ள ஒரு ஆள் தெரியாம தப்பான பட்டனை அழுத்தினா லிஃப்ட் விழுமா?"

"விழாது."

"ஏன் விழாது?"

"யார் எதை அழுத்தினாலும் விழக்கூடாதுன்னுதான் கட்டியிருக்கோம்."

"அங்க அப்படிக் கட்டலை. கட்டிலுக்கு நம்பர் இருந்துச்சு. ஆளுக்குப் பேர் இல்லை. பேர் என்னன்னு ஒரு கேள்வி, அதைக் கேட்க யாருக்கும் தோணலை."

அவள் சக்கரத்தின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். "புரியுது சார். எல்லாம் புரியுது. ஆனா கை என்னுதுதானே."

ரெப்பு போய் அவள் பக்கத்தில், எண்ணெய் படிந்த தரையிலேயே, புடவையைப் பற்றிக் கவலைப்படாமல் உட்கார்ந்தாள். அந்தக் கிரீஸ் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

ரொம்ப நேரம் கழித்து மகள் கேட்டாள். "புகார் கொடுத்தா இனிமே பேரைக் கேப்பாங்களா?"

"கேட்க வைக்கலாம். அந்த லேப் அம்மா எழுதித் தராங்க. உன் மாமாவும் வந்து சொல்றேன்னார்."

"நாளைக்கே கொடுத்துடலாம். கட்டிலை மாத்தினது நான்தான்னு முதல் வரியிலயே எழுதுங்க." கண்ணைத் துடைத்ததில் கன்னத்தில் கறுப்பாக ஒரு கோடு விழுந்தது. "அந்த நர்ஸ் மேல ஒண்ணும் எழுதாதீங்க. அவங்க பாவப்பட்டுத்தான் செஞ்சாங்க."

"சரிம்மா."

"சார், மாமா இன்னொண்ணு சொன்னாரா?" அவள் தயங்கினாள். "நான் மாத்திட்டு வேலைக்கு ஓடிட்டேன். திரும்பி வரும்போது அப்பாவை ரெண்டாவது கம்பிக்குக் கொண்டு போயிட்டாங்க. நடுவுல, அங்க போனப்புறம், அவருக்குக் குளிர் விட்டுச்சா?"

மாஜி திகைத்தார். எத்தனையோ கேள்வி கேட்டவர் இதைக் கேட்டிருக்கவில்லை. போனை எடுத்துக் கண்டக்டரைக் கூப்பிட்டார். கேள்வியைச் சொல்லிவிட்டு, ஸ்பீக்கரைப் போட்டு அவள் பக்கம் நீட்டினார்.

கண்டக்டரின் குரல் கரகரத்தது. முதலில் "அம்மா" என்று மட்டும் வந்தது.

"குளிரா? கம்பளியைக் காலால உதைச்சுத் தள்ளிட்டுத் தூங்கினாரும்மா உங்கப்பா. ரெண்டு மணி நேரம், அசையலை. குறட்டைன்னா அப்படி ஒரு குறட்டை. எனக்கு வலியில எரிச்சல், ஆளை எழுப்பி விடுங்கன்னு நர்ஸ்கிட்ட கத்தினேன். இருங்க, நிம்மதியாத் தூங்கறார், பாவம்னு அவங்க எழுப்பலை."

மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அவர் குறட்டையில தெருநாய் ஓடும் மாமா" என்றாள். சிரிப்பு முடிவதற்குள் உடைந்து, ஐந்து வாரமாக அழாத அழுகையெல்லாம் சேர்ந்து வந்தது. ரெப்பு அவள் தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டாள். மாஜி போனை அணைக்கவில்லை. அந்தப் பக்கம் ஒரு பெரிய மனுஷர் சத்தமில்லாமல் கூட இருப்பது கேட்டுக்கொண்டே இருந்தது.